லென்ஸ்காரரை நான் கிணற்றில் தள்ளிய கதை

தத்துவத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் மூன்று பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்றவள் எழுதுகிறாள் என்றதும் அறிவுரை என்று நினைத்து மடித்து வைத்துவிடாதீர்கள். அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம், வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த சில புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுக்கலாமென்று புத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தேன். இரண்டாம் ஆண்டு வகுப்பைத் தாண்டும்போது உள்ளே உங்களில் ஒருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கரும்பலகையில் ஒரு கிணறு வரைந்திருந்தார். "இதுதான் அவரோட உள்பொருள். இதுல எது விழுந்தாலும் திரும்பி வராது. கயிறும் கிடையாது, வாளியும் கிடையாது" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். சரியாக அந்த இடத்தில்தான் எப்போதும் சிரிப்பார்கள்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நான் தூக்கிப் போட்ட பழைய புடவையை யாரோ உடுத்திக்கொண்டு எதிரே வந்தது போல இருந்தது. அந்தக் கிணறு என்னுடையது. கயிறும் வாளியும் என்னுடையவை. அது பொய் என்று எனக்குத் தெரிந்து வருஷங்கள் ஆகின்றன. அது இன்னும் உயிரோடு நடமாடுவதுதான் தெரியாமல் இருந்தது.

யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. கோபமெல்லாம் என் மேல்தான்.

முதலில் அந்தக் கிணறு என்னவென்று சொல்லிவிடுகிறேன். உங்களில் ஒருவர் தமிழ்த் தத்துவம் மட்டும் படித்துவிட்டு வந்தவர் என்று கேள்விப்பட்டேன். அவருக்கும் புரிய வேண்டும். பெயர்களை வேண்டுமென்றே எழுதவில்லை. பெயரைச் சொன்னால் கூடவே நோட்ஸும் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

ஐரோப்பாவில் ஒருவர் இருந்தார். லென்ஸ் தேய்த்துப் பிழைத்தார், மீதி நேரத்தில் தத்துவம் எழுதினார். இருப்பது ஒரே ஒரு உள்பொருள்தான், நீ, நான், மரம், மாடு எல்லாம் அந்த ஒன்றின் விதவிதமான நிலைகள் என்றார். இவர் லென்ஸ்காரர். இவருக்கு ஒரு நூறு, நூற்றைம்பது வருஷம் கழித்து ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் வந்தார். லென்ஸ்காரரின் கணக்குப்படி ஒரு பொருளை இன்னது என்று வரையறுப்பதெல்லாமே மறுப்புதான், ஆகவே தனிப் பொருள்கள் எல்லாமே வெறும் இன்மை, அந்த ஒரே உள்பொருளில் எல்லாம் கரைந்து காணாமல் போகும், அங்கிருந்து எதுவும் உயிரோடு எழுந்து வராது என்று இவர் சொன்னார். அந்த மறுப்புக்கு உள்ளே ஒரு அசைவு உண்டு, அது லென்ஸ்காரருக்குத் தெரியவில்லை, நான் கண்டுபிடித்தேன் என்றும் சொல்லிக்கொண்டார்.

லால்குடிப் பக்கம் வயலும் பம்புசெட்டுமாக வளர்ந்தவள் நான். இதைக் கேட்டதும் எனக்குப் பாழ்ங்கிணறு ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே பலகையில் வரைந்தேன். வகுப்பு சொக்கிப்போய்விட்டது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் வரைந்தேன். கூடவே ஒரு நகைச்சுவை சொல்வேன். லென்ஸ்காரர் காசநோயில் இளைத்து இளைத்து இறந்தார். "எல்லாம் கரைஞ்சு போகும்னு சொன்னவர், தானும் கரைஞ்சு போயிட்டார், பாத்தீங்களா" என்பேன். அதுவும் சொந்தச் சரக்கு இல்லை. ஜெர்மன்காரர் ஏறக்குறைய அப்படிச் சொன்னதாக எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்தது.

லென்ஸ்காரர் எழுதியதை நான் படித்தேனா என்று யாரும் கேட்டதில்லை. முக்கியமான புத்தகத்தின் முதல் பாகத்தை எம்.ஏ. படிக்கும்போது புரட்டியிருந்தேன். மற்றபடி எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் விட்டுப்போன நோட்ஸ், அவருக்கு அவருடைய ஆசிரியர் கொடுத்த நோட்ஸ். நம் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய கூத்து இது. தோற்றவன் என்ன சொன்னான் என்பதை ஜெயித்தவன் வாயால் கேட்டுவிட்டு, அதையே பாடமாக நடத்தி, அதையே பரீட்சையில் கேட்டு, அதையே எழுதினால்தான் மார்க் போடுவோம்.

இனி சம்சுதீன். மலைக்கோட்டைக்குக் கீழே, துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருக்கியடிக்கும் சந்து ஒன்றில் சின்னக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வீடு பாலக்கரை. தபால் வழியில் எம்.ஏ. தத்துவம் படித்தபோது சனி, ஞாயிறு வகுப்புகளில் என்னிடம் உட்கார்ந்தவர். அப்போதே நாற்பதைத் தொட்டிருப்பார். லென்ஸ் தேய்த்த ஒரு ஆள் தத்துவம் எழுதினார் என்று நான் போகிற போக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, எங்கள் துறைத்தலைவரிடமே பகுதி நேர ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டார். தலைப்பு: லென்ஸ்காரரின் உள்பொருளும், பின்னால் வந்தவர்கள் அதில் கண்ட இன்மையும்.

பகலில் கடை, காலையில் ஒரு மணி நேரம் நூலகம் என்று ஏழு வருஷம் ஓட்டினார். இரண்டு தடவை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. குழு கூடிய மாதக் கடைசிக்குள் ஆய்வுச் சுருக்கத்தைக் குழு ஏற்றுக்கொண்டால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். இல்லையென்றால் பதிவு ரத்து, ஏழு வருஷமும் குப்பைக்கு. இது குழுவில் இருந்த எனக்கு நன்றாகவே தெரியும்.

கூட்டம் காலை பதினொரு மணிக்கு, துறைத்தலைவர் அறையில். குழுவில் மூன்று பேர்: அவரை வழிநடத்திய துறைத்தலைவர், நான், ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் சம்ஸ்கிருதப் பேராசிரியர். சுவரோரமாக மற்ற ஆய்வு மாணவர்கள் ஏழெட்டுப் பேர். சம்சுதீன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

"வரையறுப்பதெல்லாம் மறுப்புன்னு அவர் சொன்னதா நாம சொல்றோம். அவர் அப்படிச் சொல்லலைங்க மேடம்" என்றார்.

"பின்ன?"

"ஒரு நண்பருக்கு எழுதின கடிதத்துல வருதுங்க. உருவத்தைப் பத்தி மட்டும்தான் சொல்றாரு. வட்டம், சதுரம்னு ஒரு பொருளுக்கு இருக்கே, அந்த உருவம். அது மட்டும்தான் மறுப்புங்கிறாரு. 'எல்லாம்'ங்கிறது பின்னால வந்தவங்க போட்டதுங்க."

"அப்ப இருநூறு வருஷமா எல்லாரும் தப்பாப் படிச்சிட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சீங்க?"

"நான் ஒருத்தன் இல்லைங்க மேடம், வெளிநாட்டுல நிறைய பேரு எழுதியிருக்காங்க. எனக்குப் புரிஞ்சது மட்டும் கடையில வச்சு." சட்டைப்பையில் கைவிட்டு, பேப்பரில் சுற்றிய ஒரு லென்ஸை எடுத்தார். "இதக் கொஞ்சம் பாருங்களேன்…"

"சம்சுதீன்," என்றேன், "இது ஆய்வுக்குழு. கண்ணாடிக் கடை இல்ல."

சுவரோரம் சிரித்தார்கள். வகுப்பில் கிணற்றுக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு. எனக்குப் பழக்கமான, பிடித்தமான சிரிப்பு. அவர் லென்ஸை மறுபடி பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். நான் படிவத்தில் எழுதினேன்: "திருப்திகரமாக இல்லை. ஆய்வாளர் மூலச் சிந்தனையாளரைப் புரிந்துகொள்ளவில்லை." கையெழுத்துப் போட்டேன். துறைத்தலைவர் என்னோடு சண்டை போட விரும்பாமல் தானும் போட்டார். இரண்டு கையெழுத்து போதும்.

மத்தியானம் பஸ் ஸ்டாப்புக்கு ஸ்ரீரங்கத்துப் பேராசிரியரும் நானும் சேர்ந்து நடந்தோம். அவர் என்னைவிடச் சில வருஷம் மூத்தவர், அதிகம் பேச மாட்டார்.

"அந்தக் கடிதத்த நீங்க வாசிச்சிருக்கேளா?" என்றார் திடீரென்று.

"அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்."

"தெரியுமான்னு கேக்கல. வாசிச்சேளான்னு கேட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க வாசிச்சிருந்தா உள்ளயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நானும் வாசிக்கல. வாசிக்காதவன் என்னத்தச் சொல்றது? அதான் கையெழுத்துப் போடாம வந்துட்டேன்."

அவர் கையெழுத்துப் போடவில்லை என்பதையே நான் கவனிக்கவில்லை. அவர் நடந்துகொண்டே சொன்னார்: "எங்க வாத முறையில பூர்வபக்ஷம்னு ஒண்ணு. எதிராளியோட கட்சிய முதல்ல நாமளே எடுத்துச் சொல்லணும். எதிராளி அதக் கேட்டு, ஆமாம், இதான் நான் சொல்றதுன்னு தலையாட்டணும். அப்பறம்தான் கண்டிக்க ஆரம்பிக்கலாம். கேக்க நன்னாருக்கு, இல்லையா? ஆனா பாருங்கோ, பௌத்தாளோட சூன்யத்த நானே முப்பது வருஷமா ஒண்ணுமே இல்லேங்கற அர்த்தத்துல சொல்லிண்டிருந்தேன். அவாளோட நூல எடுத்து வாசிச்சா, ஒண்ணுமே இல்லேன்னு எங்களச் சொல்லாதீங்கோன்னு அவாளே எழுதி வச்சிருக்கா. ரெண்டு நாள் நேக்குச் சாதம் எறங்கல."

பஸ் வந்தது, ஏறிவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இவருக்குச் சாதம் இறங்காததற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை, ஸ்ரீரங்கத்துப் பேராசிரியரை மடக்கவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு நூலகத்துக்குப் போனேன். சத்தியமாக, உண்மையைத் தேடிப் போகவில்லை. லென்ஸ்காரரின் கடிதத் தொகுப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பு, கீழ் அடுக்கில் இருந்தது. பின்பக்கச் சீட்டில் எடுத்தவர் பெயராக ஒரே பெயர்தான் மறுபடி மறுபடி: சம்சுதீன். என் பெயர் இல்லை. என் ஆசிரியர் பெயர் இல்லை. எங்கள் துறையில் ஒருவர் பெயரும் இல்லை.

நின்றுகொண்டே படித்தேன். சின்னக் கடிதம். உருவம் என்பது எல்லையுள்ள பொருள்களுக்கு மட்டுமே பொருந்தும் என்கிறார். ஒரு உருவத்தைப் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னால், ஒரு பொருள் எங்கே முடிகிறது என்பதைப் பார்த்தேன் என்றுதான் அர்த்தம். அந்த முடிவு பொருளின் இருப்பைச் சேர்ந்ததல்ல, அதன் இன்மையைச் சேர்ந்தது. அந்த வகையில் உருவம் ஒரு மறுப்பு. அவ்வளவுதான். அடுத்த வரியில் வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார். வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் சொன்னது. அதைப் பிடுங்கி எடுத்து, முன்னால் "எல்லாம்" என்று சேர்த்து, அவருடைய மொத்தத் தத்துவத்துக்கும் தலைப்பாக ஒட்டியிருக்கிறார்கள்.

புத்தகத்தோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். புத்தகத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தேன், வேறு யாருடைய கடிதமோ என்று. அவருடையதுதான். மறுபடி படித்தேன். நூலகர் வந்து "உடம்பு சரியில்லைங்களா மேடம்?" என்று கேட்டார்.

தலைவலி என்று மூன்று நாள் லீவு போட்டு, முக்கியமான புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். இத்தனை வருஷம் நடத்திய ஒரு புத்தகத்தை முதன்முதலாகப் படிக்கிற ஆசிரியையின் வெட்கம் உங்களுக்கு வரக்கூடாது. மூன்றாம் பாகத்தில், ஒவ்வொரு பொருளும் தன் இருப்பில் நிலைத்திருக்க முயல்கிறது, அந்த முயற்சிதான் அந்தப் பொருளே என்கிறார். கரைந்து போகிறதாம்! எறும்புகூட அவரிடம் கரையவில்லை. ஐந்தாம் பாகம் முழுக்கச் சந்தோஷத்தைப் பற்றிப் பேசுகிறார். நான் பிள்ளைகளிடம் சொன்னதற்கும் அங்கே இருந்ததற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நாலாம் நாள் கடைக்குப் போனேன். மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. சந்துக்குள் நடக்கும்போது என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்துக் கடையைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்தால், சம்சுதீன் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, சுற்றுகிற சக்கரத்தில் ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினார்.

"வாங்க மேடம். கண்ணாடி மாத்தணுங்களா?"

"அந்த லென்ஸைக் காட்டுங்க" என்றேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் டிராயரிலிருந்து இரண்டு லென்ஸ்களை எடுத்தார். ஒன்று முழு வட்டம், கம்பெனியிலிருந்து வந்தபடியே. இன்னொன்று பிரேமுக்கு ஏற்ற மாதிரி ஓரம் வெட்டியது. ஒரு பேப்பரில் அச்செழுத்தின் மேல் முதலில் ஒன்றை வைத்தார், பிறகு மற்றதை.

"ரெண்டுலயும் எழுத்து ஒரே அளவுதானே மேடம் தெரியுது? பிரேம் உருவம்ங்கிறது நான் வெட்டி எறிஞ்சது. கண்ணாடி எங்க இல்லையோ அதுதான் உருவம். இது மறுப்பு, சரி. ஆனா பவர் உள்ள இருக்கு. ஓரத்தை எப்படி வெட்டினாலும் பவர் மாறாது. அந்த மனுஷன் தெனம் இதே வேலையத்தானே பார்த்தாரு? ஓரத்தைச் சொன்னாரு. கண்ணாடிய இல்லைன்னு சொல்லல."

நான் இரண்டு லென்ஸையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். பாலிடெக்னிக் பையனுக்குக்கூடப் புரிகிற விஷயம். அன்றைக்குக் குழுவில் இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நான் கொடுக்கவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க சம்சுதீன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா? "அந்த ஜெர்மன் ஆளு சரியான மோசடிப் பேர்வழி. செத்தவன் வாயில தன் வார்த்தையத் திணிச்சு, அதை அடிச்சு, தான் பெரிய ஆளுன்னு காட்டிக்கிட்டான்" என்று கத்தினேன். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சம்சுதீன் பொறுமையாகக் கேட்டார். "அவரை நீங்க எதுல படிச்சீங்க மேடம்?"

அதே பாடப் புத்தகம், அதே நோட்ஸ். அவரையும் நான் படித்ததில்லை.

"அவரு லென்ஸ்காரரை ரொம்ப மதிச்சாருங்க. தத்துவம் பண்ண வர்றவன் முதல்ல இவர் நின்ன இடத்துல வந்து நிக்கணும்ங்கிற மாதிரி சொல்றாரு. தப்பாத்தான் படிச்சாரு, இல்லைன்னு சொல்லல. ஆனா அவருக்கு வேற ஒரு கஷ்டம் இருந்துச்சு. எல்லாம் ஒண்ணுன்னா மாற்றம் எங்கேருந்து வருதுங்கிற கஷ்டம். அந்தக் கேள்வி நிஜமான கேள்விங்க. அதை ரெண்டாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேன். நீங்க…" என்று நிறுத்தினார்.

நான் இரண்டாவது அத்தியாயம் வரை போகவில்லை. சுருக்கத்தின் முதல் நாலு பக்கத்தைப் புரட்டிவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனேன். ஒரே வாரத்தில் மூன்று பேரைப் படிக்காமலே தீர்ப்பு சொல்லியிருக்கிறேன்: லென்ஸ்காரர், ஜெர்மன்காரர், சம்சுதீன்.

கிளம்பும்போது ஏதோ பேச வேண்டுமே என்று, துணி கட்டிக்கொண்டு வேலை செய்வது நல்லதுதான் என்றேன். முகமூடித் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "அத்தா கட்டாமத்தாங்க வேலை பார்த்தாங்க. அப்பல்லாம் முழுக்கக் கண்ணாடி லென்ஸு. தூசி நெஞ்சுக்குள்ள இறங்கி, இருமி இருமியே மவுத்தாயிட்டாங்க. லென்ஸ்காரருக்கும் அப்படித்தான் இருக்கும்னு சில பேரு சொல்றாங்க." துணியை மேசைமேல் வைத்தார். "வகுப்புல நீங்க அந்தக் காசநோய் விஷயம் சொல்வீங்களே மேடம். அதுக்கு மட்டும் நான் சிரிச்சதில்லைங்க."

இதை எழுதும்போதும் எனக்கு முகம் எரிகிறது. எத்தனை வகுப்பில் சொன்னேன், எத்தனை சிரிப்பு வாங்கினேன்! அதிலே ஒரு மனிதர் தன் தகப்பனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் எதுவும் செய்ததும் இல்லை.

நேராகத் துறைத்தலைவரிடம் போனேன். நான் தப்புப் பண்ணிவிட்டேன், மாற்ற வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர். அதிலும் காரியம் தெரிந்த மனிதர்.

"மாத்தறது கஷ்டம் மேடம், கூட்டத்தோட மினிட்ஸ் மேலே போயிடுச்சு. ஆனா வழி இருக்கு. குழு சொன்ன திருத்தங்களைச் செய்து ஆய்வாளர் மீண்டும் சமர்ப்பித்தார், இப்போது திருப்தின்னு புதுசா ஒண்ணு போட்டுரலாம். எல்லாரும் செய்றதுதான். உங்களுக்கும் சங்கடமில்ல, அவருக்கும் வேலை முடியும்."

"அவர் எதையும் திருத்தலையே."

"யாரு மேடம் பாக்கப் போறாங்க? நீங்க படிக்காம நிராகரிச்சீங்கன்னு எழுதினா அது விசாரணை, விளக்கம்னு இழுக்கும். பன்னெண்டு நாள்ல முடியுமா? அந்த மனுஷன் கெதி?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. பன்னிரண்டு நாளில் முடிந்திருக்காது. மீதிப் பாதி என்னவென்றால், எனக்கு அது வசதியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஸ்ரீரங்கத்துப் பேராசிரியர் இதற்குள் ஆய்வேட்டையும் கடிதத்தையும் படித்துவிட்டு, "நான் வாசிச்சேன், சரியா இருக்கு" என்று மட்டும் எழுதித் தனியாகக் கையெழுத்துப் போட்டார். சம்சுதீனும் போட வேண்டியிருந்தது, திருத்தங்களைச் செய்தேன் என்று. அவர் அந்த வரியை இரண்டு தரம் படித்துவிட்டுப் போட்டார். ஆய்வேடு போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சொல்லாததைச் சொன்னதாக ஒருவர் தலையில் கட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று கண்டுபிடித்து, மூன்று நாள் தூங்காமல் தவித்தவள் நான். அந்த நானே, செய்யாததைச் செய்ததாக இன்னொருவர் தலையில் கட்டிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது எனக்கு அது உறைக்கக்கூட இல்லை. வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன். வேலை முடிய வேண்டும், நேரம் இல்லை, எல்லாரும் செய்வதுதான் என்று வரும்போதுதான் நம் புத்தி பல்லிளிக்கும். உங்களுக்கும் ஒரு நாள் வரும், அதனால் சொல்கிறேன்.

எட்டு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. கருத்தரங்கக் கூடம் நிரம்பியிருந்தது. பாலக்கரையிலிருந்து சம்சுதீனின் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், சந்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். வெளியூர்த் தேர்வாளர் கறாரான ஆள் என்று பெயர். ஆய்வேட்டின் ஓரமெல்லாம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். ஒரு மணி நேரம் கேட்டார். சம்சுதீன் நிதானமாகப் பதில் சொன்னார். ஜெர்மன்காரர் பக்கத்து நியாயத்தை அவர் எடுத்துச் சொன்ன விதத்தைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. என்னமோ நான் சொல்லிக் கொடுத்தது போல.

கடைசியில் தேர்வாளர் கோப்பைப் புரட்டினார். "ஒரு கேள்வி பாக்கி. உங்க சுருக்கத்தை முதல்ல குழு நிராகரிச்சிருக்கு. மூலச் சிந்தனையாளரை நீங்க புரிஞ்சுக்கலைன்னு எழுதியிருக்காங்க. அப்புறம் திருத்தங்கள் செஞ்சதா ரெக்கார்டு இருக்கு, உங்க கையெழுத்தும் இருக்கு. அந்த வாசிப்புதான் இந்த ஆய்வேட்டுக்கு உயிர். அதனால எனக்குத் தெரியணும். அது உங்களோடதா, குழு சொல்லித் திருத்தினதா? நீங்க என்ன மாத்தினீங்க?"

சம்சுதீன் தன் கையெழுத்து இருந்த தாளைப் பார்த்தார். ஒன்றும் மாற்றவில்லை என்றால் கையெழுத்து பொய். மாற்றினேன் என்றால் ஏழு வருஷ உழைப்பு எங்களுடையதாகிவிடும். துறைத்தலைவர் தரையைப் பார்த்தார். சம்சுதீன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக் கொடுத்தது போலாகிவிடும் என்று நினைத்திருப்பார். முன் வரிசையில் அவருடைய சின்னப் பெண் அம்மாவிடம் ஏதோ கேட்டாள், அம்மா அவள் கையை அழுத்தினாள்.

என் கால் நடுங்கியது என்று எழுதினால் வீரம் போலத் தெரியும். உண்மையில், வேறு யாராவது ஏதாவது சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் முதலில் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. எழுந்தேன்.

"அவர் ஒரு வரியும் மாத்தல சார்."

தேர்வாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க?"

"நிராகரிச்சது நான்தான். அப்ப நான் மூலத்தைப் படிச்சிருக்கல. இவரோட சுருக்கத்தைக்கூட முழுசாப் படிக்கல. அதுக்கப்புறம்தான் படிச்சேன். மாறினது நான் சார், ஆய்வேடு இல்ல."

"அப்ப இந்தத் திருத்தம்னு இருக்கிற மினிட்ஸ்?"

"பொய்ங்க சார். என் சங்கடத்தை மறைக்க எழுதினது. அவரைக் கையெழுத்துப் போட வச்சதும் நாங்கதான்."

கூடத்தில் ஒரு சலசலப்பு. தேர்வாளர் என் பெயரைக் கேட்டார். இனிஷியலோடு சொன்னேன். எழுதிக்கொண்டார். அதற்குப் பின்னால் எனக்கு விளக்கக் கடிதம் வந்தது, குழுக்களிலிருந்து நீக்கினார்கள், ஓய்வு பெறும்வரை ஆய்வு மாணவர் யாரையும் எனக்குக் கொடுக்கவில்லை. அதெல்லாம் சரிதான், எனக்கு அதில் புகார் இல்லை. அன்றைக்கு அந்தக் கூடத்தில் அடுத்து நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

தேர்வாளர் பேனாவை மூடினார். கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "ரொம்ப நேரமா நிக்கிறீங்க. உட்காருங்க, டாக்டர் சம்சுதீன்" என்றார்.

சின்னப் பெண்தான் முதலில் கைதட்டினாள். பிறகு சந்துக் கடைக்காரர்கள். பிறகு எல்லாரும். சம்சுதீன் உட்காரவில்லை.

"உட்காருங்க" என்றார் தேர்வாளர் மறுபடி.

"மேடம் நிக்கிறாங்க சார்" என்றார் சம்சுதீன்.

நான் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.